வாசகர் கேள்வி – பதில்: மழையில் நனைந்த பாரிஸ் தொடக்க விழா

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் ஆசையாகப் பார்க்க உட்கார்ந்தேன். மழையும் படகுமாகப் போன நிகழ்ச்சியில் மனம் ஒட்டாமல் பாதியிலேயே எழுந்துவிட்டேன். உங்களுக்கு எப்படி இருந்தது?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: 2024 ஜூலை 26 இரவு நம் நேரப்படி 11 மணிக்குத் தொடங்கிய விழாவை, தூக்கத்தை விட்டு ஏறக்குறைய நான்கு மணி நேரம் முழுவதுமாகப் பார்த்தேன். பல இடங்களில் எனக்கும் மனம் ஒட்டவில்லை. வழக்கமாக மைதானத்தில் கலை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் முன்னதாகவே நடந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு நாட்டு அணியும் ஓடுபாதையில் நடந்துவரும்போது, கொடி ஏந்தியவரின் கை நடுக்கம் முதல் கடைசி வரிசையில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வரும் இளைஞரின் சிரிப்பு வரை எல்லாவற்றையும் நாம் நின்று பார்க்க முடியும். பாரிஸில் சுமார் 6,800 வீரர்கள் 85 படகுகளில், ஆஸ்டர்லிட்ஸ் பாலத்திலிருந்து ஈஃபில் கோபுரத்தை நோக்கி 6 கிலோமீட்டர் தூரம் சென் நதியில் சென்றார்கள். ஆட்டமும் பாட்டும் அந்த ஊர்வலத்துக்கு நடுநடுவே செருகப்பட்டதால், யாருக்காக விழா எடுக்கப்பட்டதோ அவர்களே இரண்டு பாடல்களுக்கு இடையில் காட்டப்படும் துணுக்குக் காட்சியாகிவிட்டார்கள்.

பி.வி. சிந்துவுடன் நம் கொடியை ஏந்தி நின்றவர் சென்னையைச் சேர்ந்த ஷரத் கமல். 2004-இல் ஏதென்ஸில் தொடங்கி, 42 வயதில் ஐந்தாவது ஒலிம்பிக்குக்கு வந்திருந்த மேசைப்பந்து வீரரின் முகத்தை இன்னும் சற்று நேரம் காட்டியிருக்கலாமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மூன்றே பேருடன் வந்த பூட்டான் அணியின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் விழாவைக் கெடுத்ததாகப் பலரும் குறை சொல்லும் மழைதான் என்னை அதற்கு அருகில் கொண்டுபோனது. அலெக்சாந்தர் காந்தரோவ் என்ற இளம் கலைஞர், ராவெல் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர் நீரின் விளையாட்டை நினைத்து இயற்றிய இசையைக் கொட்டும் மழையில் பியானோவில் வாசித்தார். பியானோவின் கறுப்பு மேற்பரப்பில் துளிகள் முத்து முத்தாகத் திரண்டு நிற்க, விரல்கள் ஈரக்கட்டைகளின் மேல் வழுக்காமல் ஓடியதைக் கேமரா மிக அருகில் காட்டியது. எத்தனை ஒத்திகை பார்த்தாலும் அப்படி ஒரு காட்சியை அமைத்துவிட முடியாது.

கேள்வி: அல்ஜீரிய வீரர்கள் படகிலிருந்து நதியில் ரோஜாப்பூக்களை வீசியது ஏன்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நேரலையில் நான் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன்; மறுநாள் செய்திப் படங்களில்தான் பார்த்தேன். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1961-இல், அக்டோபர் 17 அன்று, தங்கள்மீது விதிக்கப்பட்ட இரவு ஊரடங்கை எதிர்த்துப் பாரிஸில் அமைதியாக ஊர்வலம் சென்ற அல்ஜீரியர்களைக் காவல்துறையினர் தாக்கிக் கொன்றார்கள். பலரை இதே சென் நதியில் வீசினார்கள். அப்போது பாரிஸ் காவல்துறைத் தலைவராக இருந்தவர் மோரிஸ் பப்போன். 51 ஆண்டுகள் கழித்து, 2012-இல்தான் குடியரசுத் தலைவர் பிரான்சுவா ஒல்லாந்து அந்தக் கொடுமையை அரசின் சார்பில் ஒப்புக்கொண்டார். அன்று கொல்லப்பட்டவர்களின் நினைவாக வீசப்பட்ட, விழா அமைப்பாளர்களின் நிரலில் இல்லாத அந்தச் சில சிவப்பு ரோஜாக்களை, அன்றிரவு நதியில் நடந்தவற்றிலேயே மிகக் கனமான செயலாக நான் கருதுகிறேன்.

கேள்வி: விழாவின் முடிவில் ஒலிம்பிக் சுடருடன் மேலெழுந்த பலூனில் எரிந்தது உண்மையான நெருப்பா?
– ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. ஏழு மீட்டர் விட்டமுள்ள வளையத்திலிருந்து பீய்ச்சப்படும் நுண்ணிய நீர்த்திவலைகளின் மேல் மின்விளக்கின் ஒளி படும்போது அது தீயாகத் தெரிகிறது. எரிபொருள் எதுவும் கிடையாது. 1783-இல் பிரான்சில் மனிதர்கள் முதன்முதலில் பலூனில் பறந்ததை நினைவுகூரும் வடிவம் அது. பிரெஞ்சு ஓட்டப்பந்தய வீராங்கனை மரி-ஜோசே பெரெக்கும் ஜூடோ வீரர் டெடி ரினேரும் சேர்ந்து அதை ஏற்றிவைத்தார்கள். ஆனால் அவர்கள் கையில் சுடரைக் கொடுத்தவரைத்தான் நீங்கள் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்: 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மிதிவண்டிப் போட்டியில் தங்கம் வென்ற சார்ல் கோஸ்த், நூறு வயதில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அந்தச் சுடரைப் பிடித்திருந்தார்.