வீட்டுப்பாடத்தில் நூறு, தேர்வில் சரிவு: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் ஒன் படிக்கும் தங்கள் மகள் கணக்குப் போட சாட்ஜிபிடியின் துணையை நாடுவதாகவும், வீட்டுப்பாடம் பிழையின்றி இருந்தும் மாதத் தேர்வில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். நிறுத்த வேண்டாம், ஆனால் பயன்படுத்தும் முறை மாறியாக வேண்டும்.

துருக்கியில் ஒரு பள்ளியின் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். சாட்ஜிபிடியைப் போலவே கேட்டதற்கு விடை தரும் கருவியைப் பெற்றவர்கள், புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்தவர்களைவிடப் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு அதிகம் பெற்றார்கள். கருவியின்றித் தேர்வு எழுதியபோதோ 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளின்படி துப்பு மட்டும் கொடுத்த கருவி இந்தச் சரிவைப் பெருமளவு தவிர்த்தது. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்களும் தேர்வில் மற்றவர்களை முந்திவிடவில்லை என்பதைக் கற்றல் செயலிகளின் விளம்பரங்களைப் பார்க்கும்போது நினைவில் வைப்பது நல்லது. எனக்குக் கவலை தருவது வேறொன்று: பின்தங்கியவர்கள் தாங்கள் பின்தங்கியதை உணரவே இல்லை. எனவே தங்கள் மகள் "எனக்குப் புரிகிறது" என்று சொன்னால் அது பொய்யாக இராது, அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் 100 கணிதத்துக்கு உரியது. அந்த மதிப்பெண்ணை முடிவுசெய்யும் பிளஸ் டூ பொதுத்தேர்வு அறைக்குள் கைபேசி வராது. ஆகவே முக்கோணவியல் கணக்கு ஒன்றை எடுத்தால், முதல் கால் மணி நேரம் ரஃப் நோட்டில் அவரே முயலட்டும். சிக்கிக்கொண்டால், தாம் எழுதிய வரிகளை அப்படியே உள்ளிட்டு, "எந்த வரியில் தவறினேன் என்று மட்டும் சொல், விடையைச் சொல்லாதே" என்று கேட்கட்டும். கருவியும் தவறும், அந்த ஆய்வில் அது தந்த விடைகளில் ஏறக்குறைய பாதிதான் சரியாக இருந்தன. இன்றைய கருவிகள் மேம்பட்டிருந்தாலும், புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒப்பிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். மறுநாள் அதே கணக்கை வெள்ளைத்தாளில், எதையும் பாராமல் மீண்டும் போடச் சொல்லுங்கள். வராத கணக்குகளைத் தனியே குறித்து வைக்கட்டும்.

அடுத்த முறை என்னைச் சந்திக்க வரும்போது மதிப்பெண் பட்டியலைவிட அந்தக் குறிப்பையும் ரஃப் நோட்டையும் கொண்டுவந்தால், எந்தப் பாடத்தில் ஆசிரியரின் உதவி தேவைப்படுகிறது என்பதைப் பார்த்து முடிவுசெய்யலாம்.