வலியும் சுபாவமும் பரம்பரையாக வருமா?

கேள்வி: எனக்கு வயது 44. கோத்தகிரி பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. ஆறு வருடமாக இடுப்பு, கழுத்து, தோள்பட்டை என்று மாறி மாறி வலி. எம்.ஆர்.ஐ. வரை எடுத்தாயிற்று, பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். எதற்கெடுத்தாலும் பயம், எரிச்சல். என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். "உங்க வம்சமே இப்படி, சுபாவத்தாலதான் வலி" என்கிறார் மாமியார். உண்மையா? பத்தாவது படிக்கும் மகளுக்கும் அடிக்கடி தலைவலி. மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: மாமியார் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சுபாவத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் 40 சதவீதம் மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களின் மரபணுக்களைப் பார்த்தபோது, உடம்பில் பல இடங்களில் வலி, மனச்சோர்வு, எளிதில் கலங்கும் சுபாவம் மூன்றுக்கும் பொதுவான கூறுகள் தெரிந்தன. அதற்காக உங்கள் எரிச்சலில் 40 சதவீதம் அம்மா கொடுத்தது என்று கணக்குப் போட முடியாது. அது மக்கள் தொகைக்கான கணக்கு, தனி ஆளுக்குப் பொருந்தாது. வலியைக் கூட்டிக் குறைப்பது என்று காம்ட் (COMT) என்ற ஒரு மரபணுவைப் பற்றி ஒரு காலத்தில் பெரிதாகப் பேசினார்கள். இப்போது பார்த்தால், ஏகப்பட்ட மரபணுக்கள் ஆளுக்குத் துளி வேலை செய்கின்றன. சுபாவ மரபணுவைப் பார்த்து உங்கள் வலிக்கான சிகிச்சை மாறப்போவதில்லை, பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

மாமியார் தலைகீழாகப் பிடித்திருப்பது இன்னொன்று: சுபாவத்தால் வலி என்கிறார், வலியாலும் மனம் கலங்கும். 1997-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கார் விபத்துக்குப் பிறகு கழுத்துவலி தீராமல் மனம் நொந்திருந்த 17 பேருக்குச் செய்தது. சிலருக்கு வலி கடத்தும் சிறு நரம்பைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்தார்கள், மற்றவர்களுக்குப் போலிச் சிகிச்சை. வலி முழுசாகப் போனவர்களுக்கு மனக்கலக்கமும் போய்விட்டது, அதற்கென்று தனி மருந்தோ ஆலோசனையோ கொடுக்காமலே! சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஆறு வருடம் சரியாகத் தூங்காத ஒருவரிடம் போய் "உன் சுபாவம் சரியில்லை" என்பது என்ன நியாயம்?

பிறவியிலேயே கொஞ்சம் பயந்த சுபாவம் இருந்தால் வலி அதை ஊதிப் பெரிதாக்கும். கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் முதுகெலும்பு நகர்ந்துவிடும் என்று பயந்து படுத்தே இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். படுத்தால் தசை இளைக்கும், அப்புறம் குனிந்தாலே வலிக்கும், பயம் இன்னும் கூடும். இந்தச் சுற்றை அறுக்க முடியும், மரபணு குறுக்கே நிற்காது. மேடு இல்லாத பாதையில் தினமும் பத்து நிமிடம் நடந்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வலி குறைந்த நாளில் ஒரேயடியாகத் தோட்டத்தில் இறங்கி மறுநாள் படுத்துவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை பாருங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை விடுங்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும். தூக்கம் வராவிட்டால், மனச்சோர்வுக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை குறைந்த அளவில் உதவலாம். மருத்துவர் எழுதினால் "மனநோய் மாத்திரை" என்று பயப்படாதீர்கள், நரம்பு வலிக்கும் அதுதான்.

மகளுக்குக் கண் பரிசோதனை செய்யுங்கள். காலையில் சாப்பிடாமல் பஸ் பிடிக்கிறாளா, எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று கவனியுங்கள். தலைவலியோடு வாந்தி வந்தாலோ, தூக்கத்தில் வலி எழுப்பினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவள் காதுபட "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கே இப்படித்தான்" என்று மட்டும் யாரும் பேச வேண்டாம்.

உங்களுக்குக் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமை இவற்றில் ஏதாவது வந்தால் பழைய ஸ்கேனை நம்பி இருக்காதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள். காலையில் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால் அது குளிர் என்று விட்டுவிடாமல், முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.