சம்பந்தி வீட்டுச் சுவரில் ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

பாஸ்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் வம்ச வரைபடம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பலில் வந்த சூசன்னா வைட்டிலிருந்து தொடங்குகிறது. பிறந்த வீடு ஃபுல்லர் என்று போட்டிருக்கிறது. மருமகனோ, "ஃபுல்லர் இல்லை, ஜாக்சன்" என்கிறார். நானூறு வருஷம் கழித்து ஒரு பெண்ணுடைய அப்பா பேர் எப்படி மாறும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மருமகன் சொல்வதுதான் சரி. ஆனால் சம்பந்தியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வெகுகாலம் பலரும் ஃபுல்லர் என்றுதான் நம்பினார்கள்.

மேஃப்ளவரில் வந்தவர்களில் பலர் அதற்கு முன்னால் ஹாலந்தில் வாழ்ந்தவர்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. லைடன் நகரப் பதிவில், 1612இல் வில்லியம் வைட் என்பவர் அன்னா ஃபுல்லரை மணந்ததாக இருக்கிறது. சூசன்னாவின் கணவர் பெயரும் வில்லியம் வைட். அப்படியானால் அன்னாதான் சூசன்னா என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வில்லியம் வைட் என்பது தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற பெயர் என்பதை யோசிக்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது இரண்டாம் கணவரால். அமெரிக்காவில் கழிந்த முதல் குளிர்காலத்திலேயே வைட் இறந்துபோனார். அதே கப்பலில் வந்த எட்வர்ட் வின்ஸ்லோவும் மனைவியை இழந்தார். 1621 மே மாதம் இருவருக்கும் கல்யாணம். மேஃப்ளவரில் வந்தவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தில் நடந்த முதல் கல்யாணம். அப்போது சூசன்னாவின் கையில் ஆறு மாதக் குழந்தை பெரகிரின், கப்பல் கரையோரம் நங்கூரமிட்டிருந்தபோது பிறந்தவன்.

1623இல் லண்டன் போன வின்ஸ்லோ, 'அங்கிள்' ராபர்ட் ஜாக்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன்பே மாமனாருக்கு எழுதியதாகவும், அவருடைய 'மகன் வைட்' இறந்ததையும், மகளும் இரண்டு பிள்ளைகளும் சுகமாக இருப்பதையும், அவள் இப்போது தன் மனைவி என்பதையும் தெரிவித்ததாகவும் அதில் சொல்கிறார்.

'மகன் வைட்' என்றால் மருமகன். அன்றைய ஆங்கிலத்தில் அப்படித்தான். 'அங்கிள்' இதைவிடப் படுத்தல். பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா? வின்ஸ்லோவுக்கா, மனைவிக்கா? தமிழில் எழுதியிருந்தால் 'சின்ன மாமனார்' என்ற ஒரு வார்த்தையில் வேலை முடிந்திருக்கும்.

ஆனால் அந்த மாமனார் ஃபுல்லராக இருக்க முடியாது. ஃபுல்லர் குடும்பத்து அப்பா 1614லேயே போய்ச்சேர்ந்துவிட்டார். செத்தவருக்கு வின்ஸ்லோ எதற்குக் கடிதம் போடப்போகிறார்?

அப்புறம் இங்கிலாந்து ஆவணங்களைத் துருவித்தான் ஜாக்சன் குடும்பத்தைப் பிடித்தார்கள். ஆய்வு 2017இல் வெளிவந்தது. ராபர்ட், லிங்கன்ஷயரில் ஸ்பால்டிங் ஊர்க்காரர். அவருடைய சகோதரர் ஸ்க்ரூபி ஊர் ரிச்சர்ட் ஜாக்சன். அவர்தான் சூசன்னாவின் அப்பா. இங்கிலாந்து திருச்சபையிலிருந்து பிரிந்துபோனவர்கள், அதாவது பின்னால் மேஃப்ளவரில் கிளம்பிய கூட்டத்தார், ரகசியமாகக் கூடிய அதே ஸ்க்ரூபிதான்.

சம்பந்தி கவலைப்பட வேண்டாம். வரைபடத்தில் சூசன்னாவுக்குக் கீழே ஒரு பெயரும் மாறாது. சட்டத்தைக் கழற்றும்போது, இவர்கள் எந்தப் பிள்ளை வழி என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். ரிசால்வ்ட், பெரகிரின் என்றால் வைட் வம்சம். ஜோசியா என்றால் வின்ஸ்லோ வம்சம். அவர் பிற்பாடு பிளிமத்துக்கு ஆளுநரானவர்.