பாட்டியின் குரலுக்கும் இடம் உள்ள பாட்டுப் பெட்டி

தம்பி, நான்கு வயது மகளுடன் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிண்டர்கார்ட்டனில் மற்றப் பிள்ளைகள் சொல்லும், கதையும் பாட்டும் ஒலிக்கும் காது வைத்த பெட்டியை அவளும் கேட்கிறாள். அதை வாங்குவதா, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவதா என்பது உங்கள் கேள்வி. கையில் அதிகப் பணம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து பதின்மூன்று வருடங்கள் ஆகின்றன. இரண்டு பிள்ளைகளை இந்த வயதில் இங்கே வளர்த்தவள். ஆகவே நேராகவே சொல்கிறேன்: கைப்பேசி வேண்டாம். அந்தப் பெட்டியும் இப்போதைக்கு வேண்டாம்.

கைப்பேசி ஏன் வேண்டாம் என்பது உங்களுக்கே தெரியும். திரை இருந்தால் காது வேலை செய்யாது, கண்தான் வேலை செய்யும்.

அவள் கேட்பது டோனிபாக்ஸ். டுசல்டோர்ஃப் நகரத்து நிறுவனம் ஒன்று 2016இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டியின் தலையில் ஒரு பொம்மையை வைத்தால் கதை தொடங்கும், எடுத்தால் நிற்கும். பெரிய காதை அழுத்தினால் சத்தம் கூடும், சின்னக் காதை அழுத்தினால் குறையும். எழுத்து தெரியாத குழந்தை யார் உதவியும் இல்லாமல் இயக்கும்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள், நல்ல பொருள்தான். ஆனால் செலவு பெட்டியோடு முடிவதில்லை. பெட்டியே 100 யூரோவை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கதைக்கும் ஒரு பொம்மை. பெரும்பாலும் ஒன்று 15 யூரோவுக்கு மேல். பிறந்தநாளுக்கு ஒன்று, காய்ச்சல் வந்தால் ஒன்று என்று சேர்ந்து, பெட்டியின் விலையைப் பொம்மைகள் தாண்டிவிடும். இங்கே கடையில் கிடைக்கும் கதைகள் ஏறக்குறைய எல்லாமே ஜெர்மன். தமிழ் வேண்டுமென்றால் நாமே ஒலியை ஏற்றிக்கொள்ளும் பொம்மை தனியாக உண்டு. ஒரு பொம்மையில் 90 நிமிடம் கொள்ளும். புதிய ஒலியை இறக்கிக்கொள்ள வீட்டில் வைஃபை இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பே இன்னும் வரவில்லை என்கிறீர்களே.

நான் வாங்கச் சொல்வது குறுந்தகடும் போடலாம், யுஎஸ்பி குச்சியும் செருகலாம் என்கிற சாதாரணப் பெட்டி. கைப்பிடி வைத்தது, பெரிய பொத்தான்கள் உள்ளது. புதிதாக 40 முதல் 60 யூரோவுக்குள் கிடைக்கும். ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினால் பாதி விலைக்கும் வரும். இந்தக் காலத்தில் குறுந்தகடா என்று யோசிக்காதீர்கள். ஜெர்மானியப் பிள்ளைகள் ஒலிக்கதை கேட்டே வளர்கிறார்கள். அதனால் நகர நூலகங்களில் குழந்தைகளுக்கான குறுந்தகடுகள் அலமாரி அலமாரியாக இருக்கும், பல இடங்களில் டோனி பொம்மைகளையும் இரவல் தருகிறார்கள். மைலேண்டர் பிளாட்ஸ் சதுக்கத்தில் 2011இல் திறந்த அந்த வெள்ளைக் கனசதுரக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் நம் மத்திய நூலகம். மகளை அழைத்துப்போய் அவள் பெயரிலேயே அட்டை வாங்குங்கள். வசந்தம் வந்தால் குழந்தைகள் பொருள் சந்தைகள் நடக்கும். அங்கே ஒரு யூரோவுக்குக் கதைத் தகடுகள் கிடைக்கும். ஜெர்மன் கதைக்கு இவை போதும்.

பெட்டி வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? நான் முதலில் வாங்கியது ஒவ்வொரு முறையும் முதல் பாட்டுக்கே போய்விடும். மகன் ஒரு கதையின் முடிவைக் கேட்காமலே பல இரவுகள் அழுதுகொண்டு தூங்கினான். இன்னும் எனக்கு அது வருத்தம். அடுத்தது, மின்கலம் வைக்கும் மூடி திருகாணி போட்டு மூடியிருக்க வேண்டும். சின்னக் காசு போல இருக்கும் பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே புண்ணாகிவிடும். அந்த வகை மின்கலம் போடும் மலிவுப் பொருள்களை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்ஃபோன் இப்போதைக்கு வாங்க வேண்டாம். குழந்தைகளுக்கென்று விற்பவற்றில் 85 டெசிபல் உச்சவரம்பு என்று போட்டிருக்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்வது, வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்டால் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது. பெட்டியிலிருந்தே வெளியே கேட்கும்படி மெதுவாக ஓடினால் உங்கள் காதே அளந்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் அடுக்கக வீடுகளில் அமைதி காக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி முக்கியமானது. ஜெர்மன் அவளுக்கு வந்துவிடும். பகல் முழுவதும் அதற்குள்தான் இருக்கப்போகிறாள். தமிழ் அப்படி வராது. உங்கள் இருவர் குரலைத் தவிர வேறு தமிழ்க் குரல் அந்த வீட்டில் ஒலிக்க வேண்டும். உங்கள் அம்மாவைக் கதை சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை அப்படியே குச்சியில் போட்டால் மலிவான பெட்டிகள் படிக்காது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து எம்பி3 ஆக மாற்றுங்கள். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த குச்சியாக வாங்கி கணினியில் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் வடிவமைத்தால் (ஃபார்மேட் செய்தால்) பெரும்பாலான பெட்டிகள் ஏற்றுக்கொள்ளும். கோப்புப் பெயர்களின் முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். இல்லையென்றால் கதையின் வரிசை கலையும். நல்ல தரத்தில் பதிந்தாலும் நிமிடத்துக்கு ஒரு எம்பி அளவுதான் ஆகும். 8 ஜிபியில் நூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், அந்த இரைச்சலில் பேச்சு மங்கிவிடும். குக்கர் விசில், வாசலில் கீரைக்காரம்மா கூவுவது, பாட்டி நடுவில் நிறுத்தி அவருக்குப் பதில் சொல்வது, இவற்றையெல்லாம் வெட்ட வேண்டாம். என் மகன் அந்தக் கீரைக்காரம்மா வரும் இடத்தைத்தான் மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்பான்.