'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் பட்டறையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஐயா, விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. 2024-ல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். ஆறு அரியர் இருந்தது, எல்லாவற்றையும் எழுதித் தேறிவிட்டேன். இன்டர்வியூவில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றதுமே திணறிவிடுகிறேன். யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்த பதில்கள் பாதியில் மறந்துபோகின்றன. படிப்பு முடிந்த பிறகு இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்டால் பேச்சே வருவதில்லை. சிவகாசியில் மாமாவின் லேத் பட்டறையில் அச்சு இயந்திரங்களுக்கு ரோலர், ஷாஃப்ட் கடையும் வேலையில் உதவியாக இருக்கிறேன். அது பெரிய கம்பெனி இல்லை என்பதால் ரெஸ்யூமில் போடவில்லை. சென்னையில் ஒரு கன்சல்டன்சி 1,20,000 ரூபாய் கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழோடு வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. அடுத்த வாரம் ஒரகடத்தில் ஒரு ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்டர்வியூ. பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் தருவதாக எழுதித் தருவது) கேட்பார்களாம். என்ன பதில் சொல்வது?

பதில்: தம்பி, கடிதத்தில் கன்சல்டன்சி பற்றி எழுதியதைத்தான் முதலில் பேச வேண்டும். அந்த 1,20,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முன்பணம் என்று 5,000 கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஆள் பிடித்துத் தரும் நேர்மையான ஏஜென்சிகள் இருக்கின்றன. அவர்களுக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. சேர்ந்தவருடைய ஒரு மாதச் சம்பள அளவுக்குக் கம்பெனியிடம் வாங்குவது இந்தத் தொழிலில் சகஜம். வேலை தேடுகிறவரிடம் கை நீட்டுகிறவரிடம் பெரும்பாலும் வேலையே இருக்காது. ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், லேப்டாப் டெபாசிட், மெடிக்கல் செலவு, 'எச்.ஆருக்குக் கொடுக்க வேண்டும்' என்று பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கும். ஜிமெயில் முகவரியிலிருந்து ஆஃபர் லெட்டர் வரும். அதை எடுத்துக்கொண்டு ஊரில் கடன் வாங்கிப் பெட்டியோடு கேட்டில் போய் நிற்கும் பிள்ளைகளைத் தொழிற்பேட்டைகளில் இன்றும் பார்க்கலாம்.

அனுபவச் சான்றிதழ் இதைவிட மோசம். இரண்டு வருடம் வேலை பார்த்ததாகச் சொன்னால் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் கேட்பார்கள். எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்பது அந்தக் கணக்கிலேயே தெரியும். சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள். சரிபார்ப்பதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். கன்சல்டன்சிக்காரர் போன் எடுக்கமாட்டார். பொய் ஆவணம் கொடுத்தவர் என்ற பெயர் உங்களுக்குத்தான்.

இந்தத் தரகர்களை வளர்த்துவிட்டது யார் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 'ஃப்ரெஷர் வேண்டும்' என்று விளம்பரம் போட்டுவிட்டு, கீழே 'இரண்டு வருட அனுபவம் அவசியம்' என்று எழுதும் கம்பெனிகள் ஒரு பக்கம். நான்கு வருடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு, அரியர் இருந்த பையனைப் பிளேஸ்மென்ட் ஹாலுக்குள்ளேயே விடாத கல்லூரிகள் இன்னொரு பக்கம். நடுவில் நிற்கிற பிள்ளை தரகர் கையில் சிக்காமல் வேறு என்ன நடக்கும்?

சரி, இன்டர்வியூவுக்கு வருவோம்.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கிறவருக்கு உங்கள் அப்பா பெயரும் வேண்டாம், பொழுதுபோக்கும் வேண்டாம். ரெஸ்யூம் அவர் கையிலேயே இருக்கிறது. அடுத்து உங்களிடம் எதைக் கேட்கலாம் என்று ஒரு நுனி தேடுகிறார். எந்த நுனியைக் கொடுப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. 'ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கர், க்விக் லேர்னர்' என்று முடித்தால் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்றும் கிடைக்காது. உடனே தெர்மோடைனமிக்ஸுக்குப் போய்விடுவார். நீங்கள் திணறுவது அங்கேதான்.

நீங்கள் மறைத்து வைத்திருக்கிற பட்டறைதான் நீங்கள் கொடுக்க வேண்டிய நுனி. அச்சு இயந்திர ரோலருக்கு ஷாஃப்ட் கடைகிற இடத்தில் இத்தனை நாள் நின்றிருக்கிறீர்கள். பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டர் வைத்து 0.01 மில்லிமீட்டர் வரை பார்த்திருப்பீர்கள். கடைந்த ஷாஃப்டை இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்து, டயல் கேஜ் வைத்துச் சுற்றி, ஓட்டம் (சுற்றும்போது மையம் விலகி ஆடுவது) எவ்வளவு என்று மாமா பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரகடத்தில் உங்களை இன்டர்வியூ செய்யப்போகிற புரொடக்‌ஷன் மேனேஜருக்குத் தினமும் இதுதான் வேலை. உங்களோடு வரிசையில் உட்காரப்போகும் பலர் மைக்ரோமீட்டரை லேப் தேர்வு அன்றைக்கு மட்டும் தொட்டவர்கள்.

இப்படிச் சொல்லலாம்: '2024-ல் மெக்கானிக்கல் முடித்தேன். அதிலிருந்து சிவகாசியில் என் மாமாவின் லேத் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு வருகிறேன். அச்சு இயந்திர ரோலர்களுக்கு ஷாஃப்ட் கடைகிறோம். அளவு பார்ப்பதும் ஃபினிஷிங் கட் எடுப்பதும் இப்போது நானே செய்கிறேன். இதே வேலையை அதிக எண்ணிக்கையில், ஒரே தரத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று உற்பத்தித் துறையில் கற்க விரும்புகிறேன்.' ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்யாததை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். ஃபினிஷிங் கட் மாமாதான் எடுக்கிறார் என்றால் அப்படியே சொல்லுங்கள்.

இதைச் சொன்னதும் அவர் பட்டறையைப் பற்றிக் கேட்க ஆரம்பிப்பார். நீளமான ஷாஃப்ட் கடையும்போது என்ன பிரச்சினை வரும் என்பார். நடுவில் வளைந்து கொடுக்கும், டூல் அங்கே குறைவாக வெட்டும், அதனால் நடுப்பகுதி பருத்துவிடும், அதற்காக ஸ்டெடி (நடுவில் தாங்கிப் பிடிக்கும் தாங்கி) கட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கிற பாடத்தை மட்டும் இந்த வாரம் புரட்டிப் பாருங்கள். இரண்டு முனையில் தாங்கிய பீமின் நடுவில் சுமை வைத்தால் எவ்வளவு வளையும் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்தோமே, அதே கணக்குதான். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. இந்த ஒரு வரியைப் பட்டறை அனுபவத்தோடு சேர்த்துச் சொன்னால், அரியர் எத்தனை என்ற கேள்விக்கு அவரிடம் பழைய வேகம் இருக்காது. இதே மாதிரி, லேத் பெட் ஏன் வார்ப்பிரும்பில் வருகிறது (அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும்), டேப்பர் விழுந்தால் (ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்தால்) மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை ஏன் முதலில் பார்க்கிறோம், வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் எவ்வளவு என்று உங்கள் கை தொட்ட பொருட்களிலிருந்து பாடத்துக்குப் போங்கள். எட்டு செமஸ்டரையும் ஒரு வாரத்தில் திருப்பிப் படிக்க முடியாது, அது தேவையும் இல்லை.

ரெஸ்யூமில் பட்டறையைப் போடும்போது ஒரு எச்சரிக்கை. 'லேத் பட்டறையில் உதவியாளராக நேரடிப் பயிற்சி' என்று எழுதுங்கள். சம்பளப் பதிவு இல்லாததை 'இரண்டு வருட அனுபவம்' என்று எழுதினால் கன்சல்டன்சி செய்கிற அதே வேலையை நீங்களே செய்ததாகிவிடும். மாமாவிடம் லெட்டர்பேடில் பெரிய பதவிப் பெயர் எழுதி வாங்காதீர்கள்.

இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. தனியாகத் தயாரிக்க ஒன்றும் இல்லை.

அரியர் பற்றிக் கேட்டால் மழுப்ப வேண்டாம். எந்தப் பாடங்களில் விழுந்தது, எந்த செமஸ்டரில் எழுதித் தேறினீர்கள் என்று இரண்டே வரி. இப்போது நிலுவையில் ஒன்றும் இல்லை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான். பேராசிரியர் சரியில்லை, பேப்பர் திருத்தியது சரியில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அந்த அறை அதற்கான இடம் இல்லை.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்பார்கள். நான்கு பேர் சேர்ந்து ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால், அதை உங்கள் கண்டுபிடிப்பு போல விவரிக்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே மோட்டாரின் டார்க் எவ்வளவு என்பார், முடிந்தது. 'டிசைன் தயாராக வந்தது, அசெம்பிளி நாங்கள் செய்தோம், அதில் வெல்டிங் ஃபிக்ஸ்சர் என் பொறுப்பு' என்று நடந்ததைச் சொல்பவருக்கு மரியாதை கிடைக்கும். வாங்கிய ப்ராஜெக்ட் என்று தெரிந்தே மார்க் போட்டு அனுப்புகிற வைவா தேர்வுகள் இருக்கும்வரை இந்தப் பிரச்சினை தீராது. அந்தக் கணக்கை மாணவன்தான் இன்டர்வியூ அறையில் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலம் பற்றி அதிகம் பயப்படாதீர்கள். முதல் ஒரு நிமிடப் பதிலை எளிய ஆங்கிலத்தில் தயார் செய்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தொழில்நுட்பக் கேள்வி வரும்போது தடுமாறினால், 'சார், இதைத் தமிழில் விளக்கலாமா' என்று கேளுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் ஷாப் ஃப்ளோரில் தமிழ் தாராளமாகப் புழங்குகிறது. பேப்பர் கேட்டு வாங்கிப் படம் வரைந்தும் காட்டலாம்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால், ஃப்ரெஷருக்கு உங்கள் கம்பெனியில் என்ன வழக்கமோ அது சரி என்று சொல்லிவிட்டு, கையில் மாதம் எவ்வளவு வரும் என்று திருப்பிக் கேளுங்கள். சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) 3,60,000 என்றதும் மாதம் 30,000 வரும் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, உங்கள் பங்கு 1,800, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) ஒதுக்குவது சுமார் 720 எல்லாம் அந்த 30,000-க்குள்ளேயே கழியும். கையில் வருவது தோராயமாக 25,700. இன்சென்டிவையும் அதில் சேர்த்திருந்தால் இன்னும் குறையும்.

இது நிரந்தர வேலையா, அப்ரன்டிஸா என்பதையும் அப்போதே கேளுங்கள். 1961-ம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளை எடுத்தால் அது பயிற்சி. 2019-ல் திருத்திய விதி அதற்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தது. பயிற்சி முடிந்தபின் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. கெட்ட வாய்ப்பு என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு சேருங்கள் என்கிறேன்.

அடுத்தது பாண்ட். கையெழுத்தே போடாதே என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலான நேரம் அந்த அறிவுரை சரிதான். ஆனால் எல்லா பாண்டும் ஏமாற்று இல்லை என்பதால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. இதைக் காட்டி உங்களைப் பயமுறுத்தக்கூடும். அது ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கு. விளம்பரம் கொடுத்து, முறைப்படி தேர்வு நடத்தி ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் உள்ள இடம், பாதியில் ஆள் போனால் செலவு மறுபடியும் முதலிலிருந்து. அந்த நியாயம் எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்திவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். எழுதியிருக்கிற தொகை அதற்கு உச்சவரம்பு. முழுத்தொகையும் தானாகக் கிடைத்துவிடாது.

ஆகவே பாண்ட் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். உண்மையிலேயே செலவு செய்து பயிற்சி தருகிறார்களா? சி.என்.சி., ரோபோட்டிக் வெல்டிங் என்று மாதக்கணக்கில் சொல்லித்தந்துவிட்டு ஒரு வருடம், ஒன்றரை வருடம் இருக்கச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. தொகை உங்கள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியதா? மாதம் 15,000 கொடுத்துவிட்டு மூன்று லட்சம் கேட்டால் வேண்டாம். அப்புறம், அவர்களே உங்களை நிறுத்தினால் நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறதா? இது இல்லாத பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்டர்வியூவில் கேட்டால், 'நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார், ஒரு நகல் கிடைக்குமா' என்று சொல்லுங்கள். நகல் தர மறுக்கிற இடத்தில் யோசிக்கவே வேண்டாம்.

ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் விட்டுவிட்டு வராதீர்கள். எடுத்துப்போய்க் காட்டுங்கள், சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள். 'மூன்று மாதத்தில் தந்துவிடுவோம்' என்று வாங்கி வைத்துக்கொண்டு, வேறு வேலை கிடைத்தபோது தர மறுத்து அலையவிடுகிறார்கள். டிகிரி சான்றிதழை மீட்கக் காவல் நிலையம் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா' என்பார்கள். 'நோ சார்' என்று எழுந்துவிடாதீர்கள். முதல் ஆறு மாதம் எந்த டிபார்ட்மென்டில் போடுவீர்கள், ஷிஃப்ட் எப்படி, மெஷினில் நேரடியாக வேலை இருக்குமா என்று கேளுங்கள். இந்த வாரம் பட்டறையில் கடைந்த ஏதாவது ஒரு ஷாஃப்டின் அளவுகளைப் பேப்பரில் படமாக வரைந்து, டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது) குறித்து, ஃபைலில் வைத்துக்கொண்டு போங்கள். பட்டறை பற்றிப் பேச்சு வரும்போது எடுத்துக் காட்டலாம்.