‘உங்க இஷ்டம்’ என்று ஏன் சொன்னாய்?

கேள்வி: எனக்கு வயது 26. கூட வேலை பார்ப்பவரை நான்கு வருடமாகக் காதலிக்கிறேன். வீட்டில் தெரியாது. அப்பாவுக்கு பி.பி. இருப்பதால் அவர் பார்த்த மாப்பிள்ளைக்கே சரி என்று சொல்லி, போன மாதம் நிச்சயமும் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். முகூர்த்தப் புடவை என்ன கலரில் எடுக்கலாம் என்றுகூடக் கேட்டார். ‘உங்க இஷ்டம்’ என்றேன். குடும்பத்துக்காகக் காதலைத் தியாகம் செய்கிறேன். ஆனால் அவரோடு ஒருநாள்கூடப் பேசாமல் இருக்க முடியவில்லை. ‘மௌன ராகம்’ ரேவதி போல நானும் போகப்போக மாறிவிடுவேன்தானே? அவரை மறக்க வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: மறப்பது இருக்கட்டும். அந்தப் புடவைக்கு வருகிறேன்.

ஜவுளிக்கடையில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து அரக்கா, பச்சையா என்று முடிவு செய்வார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவள் ஓரமாக நிற்பாள். இதுதான் நம் ஊர் வழக்கம். இவர் உன்னைக் கேட்டிருக்கிறார். நீ ‘உங்க இஷ்டம்’ என்றாய். அவர் அதை வெட்கம் என்று நினைத்திருப்பார். ‘அடக்கமான பொண்ணும்மா’ என்று வீட்டில் சொல்லியும் இருப்பார். அந்தப் புடவை எந்தக் கலராக இருந்தாலும் உனக்கு ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும், இப்போது எனக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. இதில் உன்னுடைய தியாகம் பாதிதான், மகளே. மீதியை அவரைக் கேட்காமலே அவர் தலையில் கட்டுகிறாய்.

சினிமாவைச் சொன்னாய். 1986-ல் வந்த அந்தப் படத்தில் ரேவதி நடித்த திவ்யா பெண் பார்க்க வந்தவரிடமே தனக்கு விருப்பமில்லை என்பதை நேருக்கு நேராக உணர்த்திவிடுகிறாள். நீ அதைச் செய்யவில்லை. அவள் காதலித்தவன் இறந்துபோனவன். நீயோ தினமும் போனில் பேசிக்கொண்டிருக்கிறாய். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்துக்குப் போக முடியாது என்பதால்தான் திவ்யாவும் அவள் கணவனும் ஒரே வீட்டில் இருக்க நேர்கிறது. சட்டம் இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

அதற்கு ஐந்து வருடம் முன்பு ‘அந்த 7 நாட்கள்’ வந்தது. மனைவியை அவள் காதலித்தவனிடமே சேர்த்துவைக்க முன்வரும் டாக்டரைப் பார்த்து உருகாதவர்கள் குறைவு. மனமில்லாமல் கழுத்தை நீட்டும் கதாநாயகிக்கு நம் படங்களில் எப்படியோ ஒரு தெய்வப்பிறவி புருஷனாக அமைந்துவிடுகிறான். உனக்கு நிச்சயமானவர் ஏன் அப்படிப் பொறுத்துப் போகவேண்டும்? தன்னை ஆசையாகப் பார்க்கிற ஒரு மனைவி கிடைக்கவேண்டும் என்று நினைப்பது அவர் செய்த தப்பா?

பெரியவர்கள் பார்த்துவைக்கும் கல்யாணத்தைக் குறை சொல்கிறவள் இல்லை நான். பெற்றவர்களுக்குக் கட்டுப்படுவது நல்லது என்றுதான் இத்தனை வருடமாக எழுதி வருகிறேன். ஆனால் அப்பாவின் பி.பி.யைச் சொல்லித் தப்பிக்காதே. இரண்டு வருடம் கழித்து நீ வேண்டாவெறுப்பாகக் குடும்பம் நடத்துவதைப் பார்த்தால் மட்டும் அது குறைந்துவிடுமா? உன் வாயிலிருந்து உண்மையைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம், நான்கு வருடமாகக் காதலிக்கிறவர் ஏன் இன்னும் உன் வீட்டுப் படி ஏறவில்லை? அதை அவரிடம் கேள். அவர் பின்வாங்கினாலும், மனதில் இவ்வளவை வைத்துக்கொண்டு இந்த மணவறையில் நீ உட்காரக் கூடாது.

இன்றைக்கே அம்மாவிடம் சொல். அப்பாவிடம் பேசும்போது மாமாவோ சித்தப்பாவோ, அவர் மதிக்கிற ஒருவர் கூட இருக்கட்டும். அவர் மாத்திரை போட்டு, சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார். பத்திரிகை அச்சுக்குப் போகக் கூடாது. மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாதே. போன் செய்து நீயே சொல், திட்டினால் வாங்கிக்கொள். நிச்சயத்துக்கு அவர்கள் போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பெரியவர்கள் போகும்போது நீயும் கூடப் போ.