மார்மன் மதத்தின் விளிம்பில் புதிய தூதர்களும் புதிய வேதங்களும் ஏன் ஓயாமல் தோன்றுகின்றன?

கதவு திறந்தே இருப்பதுதான் முதற்காரணம். அமெரிக்காவில் இந்த மதத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித், பழைய தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி 1830இல் வெளியிட்ட வேதம் மார்மன் நூல். அதன்படி, அந்த மூலத் தகடுகளில் ஒரு பகுதி இன்னும் முத்திரையிடப்பட்டே இருக்கிறது. கடவுள் இன்றும் பேசுகிறார் என்பது அடிப்படை நம்பிக்கை. அப்படியானால் என்னிடமும் பேசலாமே என்று ஒருவர் எழுவது இயல்புதான். சபை தொடங்கிய ஆண்டிலேயே ஹைரம் பேஜ் என்பவர், ஒரு கல்லின் வழியாகக் கடவுளின் வெளிப்பாடு பெறுவதாகக் கூறினார். சபைக்கான வெளிப்பாடு தனக்கு மட்டுமே வரும் என்று அறிவித்து ஸ்மித் அதை அடக்கினார்.

1844இல் ஸ்மித் கொல்லப்பட்டதும் அந்தக் கட்டு தளர்ந்தது. பெரும்பாலோர் சபையின் மூத்த தலைவர்களில் ஒருவரான பிரிகம் யங்கைப் பின்பற்றினார்கள். அந்த ஆண்டுதான் ஞானஸ்நானம் பெற்றிருந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங், தன்னை வாரிசாக்கி ஸ்மித் எழுதிய கடிதம் இருப்பதாகச் சொன்னார். 1845இல் விஸ்கான்சினில் அவர் காட்டிய ஓக் மரத்தடியை நான்கு பேர் தோண்டினார்கள். மூன்று சிறிய பித்தளைத் தகடுகள் கிடைத்தன. மண் அதுவரை கலைக்கப்படவில்லை என்று அவர்களே சாட்சி சொன்னார்கள். தகடு, சாட்சி, மொழிபெயர்ப்பு எல்லாம் ஸ்மித் வகுத்த அச்சு. நம்பியவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்குவது அநியாயம். தங்களுக்குக் கற்பிக்கப்பட்ட அளவுகோலால்தான் அவர்கள் அளந்தார்கள்.

1856இல் சுடப்பட்ட ஸ்ட்ராங், சில வாரங்கள் உயிரோடு இருந்தும் வாரிசை நியமிக்காமலே இறந்தார்.